தலைக்கு மேல் ரேக் யாருக்குச் சொந்தம்? (வளையல் உடைந்த கதை)

சிம்மக்கல் மருமகள் | சனி, காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்தேன். ஆறவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம். நாத்தனாருக்கு வளைகாப்பு. குன்னத்தூர் சத்திரத்தில் (முன்பு புதுமண்டபத்தில் இருந்த கடைகள்தான்) பன்னிரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். டஜன் டஜனாக நூல் கட்டி, பழைய பேப்பரில் சுற்றி, நடுநடுவே துண்டு வைத்து ஒரு துணிப்பையில் அடுக்கியிருந்தேன். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ இருக்கும். செக்-இன்னில் போட மனசு வரவில்லை.

எனக்கு 7-ஆம் வரிசை, ஓர சீட். முதலிலேயே ஏறி, என் சீட்டுக்கு நேர் மேலே ரேக்கில் பையை நிமிர்த்தி வைத்து, சாயாமல் இருக்கச் சால்வையை அணை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கதவு மூடப்போகிற நேரத்தில் ஒருவர் வந்தார். அவருக்கு சீட் 19-இல். கையில் கெட்டி பிளாஸ்டிக் டிராலி. என் தலைக்கு மேல் ரேக்கைத் திறந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பையைக் காதைப் பிடித்து இழுத்துப் படுக்கப்போட்டு, டிராலியை உள்ளே தள்ளி, உள்ளங்கையால் இரண்டு குத்து குத்தினார். நறுக்கென்று ஒரு சத்தம். வளையல் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

"சார், அதில் கண்ணாடிச் சாமான் இருக்கிறது" என்றேன். "பொது இடம்தானே மேடம், உங்கள் பேரா எழுதியிருக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

வீட்டில் பிரித்துப் பார்த்தால் இருபத்து மூன்று வளையல் போயிருந்தது. பணம் பெரிதில்லை. வளைகாப்புக்குக் கொண்டுவந்த வளையல் வழியிலேயே உடைந்தது என்று மாமியாருக்குத் தெரிந்தால் அவர் முகம் எப்படி மாறும் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். சொல்லவே இல்லை. தி.நகரில் வாங்கி ஈடுகட்டினேன்.

கேட்க நினைப்பது இதுதான். சீட்டுக்கு மேல் உள்ள ரேக் அந்த சீட்டுக்காரருக்கு உரியதா, இல்லையா? அடுத்தவர் பையைக் கேட்காமல் நகர்த்துவது சரியா?

அப்பர் பெர்த் ஆறுமுகம் | சனி, காலை 10:31

அக்கா, இது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற பழக்கம் மேலே ஏறிப் பறப்பது, அவ்வளவுதான். பஸ்ஸிலாவது துண்டைப் பார்த்தால் "ஆள் வருதா?" என்று கேட்பார்கள். விமானத்தில் அந்த மரியாதைகூட இல்லை.

பெருங்குடி தரைப்பணி | சனி, காலை 11:05

நான் பெருங்குடியில் ஒரு விமான நிறுவனத்துக்குத் தரைப்பணியில் ஆறு வருடம் இருந்தவன். இப்போது வேறு தொழில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை தங்கச்சி. ரேக் எந்த சீட்டுக்கும் எழுதி வைக்கப்பட்டதில்லை. உங்கள் சீட்டுக்கு மேல் இடம் இருந்தால் அங்கே வைப்பது வழக்கம், அவ்வளவே. இந்த விஷயத்தில் மட்டும் அந்த ஆள் சொன்னது சரி.

இரண்டாவது கேள்விக்கு: அடுத்தவர் பையைத் தொடவேண்டும் என்றால் கேட்டுத் தொடவேண்டும். உள்ளே மருந்து இருக்கலாம், லேப்டாப் இருக்கலாம், வளையலும் இருக்கலாம். யாருடையது என்று தெரியாவிட்டால் ஊழியரைக் கூப்பிட வேண்டும். அவர்கள் "இந்த நீலப் பை யாருடையது?" என்று குரல் கொடுத்துத்தான் எடுப்பார்கள். கவனித்திருப்பீர்கள்.

இத்தனை சண்டையும் ஏன் வருகிறது என்றால், நம் நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்கு ஒரு பை, 7 கிலோ, பெரும்பாலும் 55 × 35 × 25 சென்டிமீட்டர் என்பது கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115. பெண்கள் கைப்பை, குடை, கைத்தடி, குழந்தைக்கு வழியில் தேவைப்படும் பால், உணவு மாதிரி சிலவற்றை அதோடு சேர்க்கமாட்டார்கள். இது காகிதத்தில் உள்ளது. நடப்பில் என்ன? நாலு சக்கர டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மிச்சம் நாலு கிலோவில் என்ன வைப்பது? அதனால் டிராலி ஒன்று, முதுகுப்பை ஒன்று, ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று என்று வருவார்கள். கவுண்டரில் டிராலியை மட்டும் தராசில் வைப்பார்கள். முதுகுப்பையை மச்சான் தூணுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பார். நானே எத்தனை மச்சான்களைப் பார்த்திருக்கிறேன்!

ரேக்கில் வைக்கிற முறை ஒன்று இருக்கிறது. டிராலியை சக்கரம் உள்ளே, கைப்பிடி வெளியே பார்க்க நீளவாக்கில் வைத்தால் ஒரு ரேக்கில் மூன்று, நாலு நிற்கும். குறுக்காகப் போட்டால் இரண்டோடு சரி. சின்னப் பைகள் முன் சீட்டுக்கு அடியில் போகவேண்டும். அந்த இடம் காலை நீட்டுவதற்கு மட்டும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பின்வரிசை வாசி | சனி, பிற்பகல் 12:20

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் மாதம் இரண்டு தடவை போய்வருகிறேன், எப்போதும் 25-க்குப் பின்னால்தான் சீட் கிடைக்கிறது. ஏறிப் பார்த்தால் என் தலைக்கு மேல் 4-ஆம் வரிசைக்காரர் பை இருக்கும், 11-ஆம் வரிசைக்காரரின் தலையணை இருக்கும், யாரோ ஒருவரின் அல்வா டப்பா தனியாக ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் எங்கே வைப்பது?

அந்த ஆள் கேட்காதது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, கண்ணாடி வளையலைத் துணிப்பையில் வைத்து ரேக்கில் விட்டது உங்கள் தப்பு இல்லையா? விமானம் தரை இறங்கும்போது ஒரு குலுக்கு குலுக்கினாலே அது உடைந்திருக்கும். இரண்டு கிலோ பைதானே, முன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தால் யார் தொடப்போகிறார்கள்?

சிம்மக்கல் மருமகள் | சனி, பிற்பகல் 12:48

@பின்வரிசை வாசி: சீமந்த வளையலைக் காலடியில் வைப்பதா? எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் தம்பி. குலுக்கலில் உடையவில்லை, அவர் குத்தியதில்தான் உடைந்தது. சத்தம் என் காதிலேயே கேட்டது.

மாலை போட்டவன் | சனி, பிற்பகல் 1:15

அக்கா சொல்வது எனக்குப் புரிகிறது. இருமுடி கட்டியவர்களுக்கும் இதே பாடுதான். இருமுடியைத் தரையில் வைக்கமாட்டோம், சீட்டுக்கு அடியில் என்ற பேச்சே கிடையாது. மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றால் புறப்படும்போதும் இறங்கும்போதும் விடமாட்டார்கள். ரேக் ஒன்றுதான் வழி.

முன்பெல்லாம் தேங்காய் இருக்கிறது என்று இருமுடியைக் கேபினுக்குள்ளேயே விடமாட்டார்கள். பி.சி.ஏ.எஸ். என்கிற விமானப் பாதுகாப்புத் துறை 2022 நவம்பரில், சீசன் முடியும் வரை, அதாவது 2023 ஜனவரி 20 வரை, சோதனை போட்டு அனுமதிக்கலாம் என்றது. பிறகு வந்த சீசன்களிலும் அப்படி அனுமதி வந்தது. நான் போனபோது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து தன் ஷூ பையை வேறு ரேக்குக்கு மாற்றிவிட்டு, "சாமி, இங்கே வைங்க" என்றார். அவர் நெற்றியில் சிலுவைக் குறி இருந்தது, அன்று சாம்பல் புதன். எத்தனையோ தடவை பறந்திருக்கிறேன், நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான்.

அப்பர் பெர்த் ஆறுமுகம் | சனி, பிற்பகல் 1:22

சாமி, சாம்பல் புதன் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அனுமதி ஜனவரி 20-ஓடு முடிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். 😀

மாலை போட்டவன் | சனி, பிற்பகல் 1:40

ஆமாம், இரண்டு பயணத்தைக் குழப்பிவிட்டேன். கழுத்தில் சிலுவை டாலர் இருந்தது. ஷூ பையை மாற்றியது மட்டும் சத்தியம்.

திருமங்கலம் தாத்தா | சனி, மாலை 4:02

எனக்கு 71 வயது. தோளில் ஆபரேஷன் ஆனவன். ஒரு சந்தேகம். போன மாதம் என் பையைத் தூக்கி வைக்கச் சொல்லி விமானப் பணிப்பெண்ணைக் கேட்டேன். "பக்கத்தில் உள்ளவரைக் கேளுங்கள் சார், நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்றது அந்தப் பெண். பின்னால் நின்ற ஒருவர், "தூக்க முடியாதவங்க செக்-இன்னில் போடணும், எதுக்கு எல்லாரையும் நிறுத்தி வெக்கிறீங்க" என்று முணுமுணுத்தார். என் பையில் இருந்தது இன்சுலினும் எக்ஸ்ரேயும். அதைச் செக்-இன்னில் போட முடியுமா? கடைசியில் ஒரு காலேஜ் பையன் ஒற்றைக் கையால் தூக்கி வைத்தான், இறங்கும்போது அவனே எடுத்தும் கொடுத்தான். அந்தப் பணிப்பெண் செய்தது முறையா?

கேபின் க்ரூவின் தம்பி | சனி, மாலை 4:37

ஐயா, என் அக்கா ஏழு வருடமாக அந்த வேலையில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நாலு ஃப்ளைட். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் "கொஞ்சம் தூக்கி வையும்மா" என்றால் நாற்பது பை. அவள் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். தலைக்கு மேல் கையை நீட்டி ஏழு கிலோ என்று பொய் சொல்லும் பதினோரு கிலோவைத் தூக்க வேண்டும். இடுப்பு வலிக்கு மூட்டை மூட்டையாகத் தைலம் வாங்குகிறாள். பல நிறுவனங்களில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே "வழிகாட்டு, கூடப் பிடி, தனியாகத் தூக்காதே" என்றுதான். உங்களை மாதிரி முடியாதவர்களுக்கு அவளாகவே தூக்கியும் வைப்பாள். அவள் திட்டுவது ஜிம் உடம்போடு நின்றுகொண்டு "எக்ஸ்கியூஸ் மீ, பேக்" என்று விரலை மேலே காட்டுகிறவர்களை.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போதே உதவி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள் ஐயா. மருந்தை மட்டும் தனியாக ஒரு சின்னப் பையில் எடுத்து முன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை | சனி, இரவு 7:50

நான் வருகிற மாதம்தான் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறேன், சென்னை வேலைக்கு. டிக்கெட்டில் ஏடிஆர் என்று போட்டிருக்கிறது. அது என்ன? என் டிராலி கொள்ளுமா? அப்புறம், அம்மா ஊறுகாயும் கொப்பரையும் கட்டித் தருகிறார்கள். எதில் வைப்பது?

பெருங்குடி தரைப்பணி | சனி, இரவு 8:25

@முதல் தடவை: வாழ்த்துகள் தம்பி. ஏடிஆர் என்பது விசிறி வைத்த சின்ன விமானம். 70, 80 பேர் உட்காரலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு சீட், நடுசீட் என்ற தொல்லை இல்லை. பின்பக்கக் கதவு வழியாக ஏறுவீர்கள். பெட்டி வைக்கும் அறை ஒன்று விமானி அறைக்குப் பின்னால், பயணிகளுக்கு முன்னால் இருக்கும். ரேக் சின்னது. பெரிய விமானத்தில் கச்சிதமாக உட்காரும் டிராலி இதில் பாதி வெளியே நிற்கும். அதனால் ஏணிக்குக் கீழேயே டிராலியை வாங்கி அடையாளச் சீட்டுக் கட்டிப் பெட்டி அறையில் போட்டுவிடுவார்கள். சண்டை போடாதீர்கள், யார் போட்டாலும் ரேக் பெரிதாகாது. முதுகுப்பையோடு போனால் நிம்மதி.

முக்கியமான விஷயம்: அப்படிக் கடைசி நேரத்தில் பையைக் கொடுக்கும்போது நகை, பணம், மருந்து, பவர் பேங்க் நாலையும் வெளியே எடுத்துவிடுங்கள். பவர் பேங்க் பெட்டி அறைக்குப் போகவே கூடாது. அதில் உள்ள லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் இருந்தால் யாராவது பார்ப்பார்கள், அணைப்பார்கள். பெட்டி அறையில் இருந்தால் தெரியாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. கடையில் விற்கிற 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றால் 74 வாட்-அவர்தான் வரும், பயமில்லை. ரேக்கிலும் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசானில் புறப்படத் தயாராக நின்ற ஒரு விமானம் எரிந்துபோனது. தீ ஆரம்பித்தது பின்பக்க ரேக்கில். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எல்லோரும் தப்பித்தார்கள்.

ஊறுகாய் செக்-இன்னில், நன்றாக மூடி, இரண்டு கவர் போட்டு. கொப்பரை வேண்டாம். எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதில் அம்மாவிடம் பொடி அரைத்துத் தரச் சொல்லுங்கள், பருப்புப் பொடி, இட்லிப் பொடி எதுவும் போகும்.

அப்பர் பெர்த் ஆறுமுகம் | சனி, இரவு 8:41

தம்பி, பரோட்டா பார்சல் எடுத்துப் போனால் சால்னாவை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போ. என் சால்னா பாக்கெட்டை சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலே போய்க் காய்ந்த பரோட்டாவைத் தண்ணீர் தொட்டுத் தின்றேன்.

வில்லாபுரம் வாத்தியார் | ஞாயிறு, காலை 6:55

பை வைத்தவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை யாரும் பேசவில்லை. போன வருடம் சிங்கப்பூருக்குப் போனேன். மகளுக்கு ஒரு வேலை விஷயமாக அசல் சான்றிதழ்கள் என் பையில். ஏறி ஒரு மணி நேரம் கழித்து என் தோளில் சொட்டு. அண்ணாந்து பார்த்தால் ரேக் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்குகிறது. எழுந்து திறந்தேன். என் பைக்கு மேலே ஒரு பார்சல். வாழை இலை, ஈரத்துணி, உள்ளே ஐந்து முழமோ பத்து முழமோ மல்லிகை. மாட்டுத்தாவணியில் காலையில் கட்டியது, மொட்டாகவே இருந்தது. விமானம் முழுக்க வாசனை, எல்லோரும் ஆஹா என்கிறார்கள். என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் காலத்து ஃபைல் மட்டும் நனைகிறது!

பூவுக்குரியவர் ஒரு பாட்டி. பேத்திக்குக் கொண்டு போகிறார். என்ன சொல்ல? "அம்மா, கொஞ்சம் ஈரம்" என்றேன். "பூ வாடிருமே ராசா" என்றார். பணிப்பெண்ணிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கி அதற்குள் போட்டுத் திரும்ப வைத்தோம். சான்றிதழ் உறைக்குள் இருந்ததால் தப்பியது.

மல்லிகை கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து ஈரத்துணிக்கு வெளியே ஒரு கவர் போடுங்கள். மூடி போட்ட டப்பா என்றால் இன்னும் நல்லது.

பின்வரிசை வாசி | ஞாயிறு, காலை 9:10

வாத்தியார் சார் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், எனக்கு மட்டும் திட்டு விழுந்தது.

சரி, இன்னொன்று. சக்கரம் தரையைத் தொட்டதும் படபடவென்று பெல்ட்டைக் கழற்றி ரேக்கைத் திறக்கிறார்களே, அது எதற்கு? கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆகும். நடைபாதையில் குனிந்து நின்றுகொண்டு, பையை அடுத்தவர் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. ஒருமுறை ஒரு லேப்டாப் பை நழுவி என் பக்கத்து ஓர சீட்டுக்காரர் நெற்றியில் விழுந்தது. மூன்று தையல்.

வில்லாபுரம் வாத்தியார் | ஞாயிறு, காலை 9:34

ஆபத்து நேரத்திலும் அந்தக் கை ரேக்குக்குத்தான் போகிறது, அதுதான் பயம். 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாயில் வயிறு தேய்த்து விழுந்தது. உள்ளே 300 பேர். புகைக்கு நடுவில் பலர் ரேக்கைத் திறந்து பையை எடுக்கும் வீடியோ எல்லா டி.வி.யிலும் வந்தது. பயணிகள் எல்லோரும் பிழைத்தது அதிர்ஷ்டம், தீயணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் முழுசாக எரிந்தது. 379 பேரும் இறங்கிவிட்டார்கள். பைகளை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதைத்தான் உலகமே பேசியது. ஒரு விமான மாடலுக்கு அனுமதி கொடுக்கும் முன் பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரும் இறங்க முடியும் என்று காட்டவேண்டும். அந்தக் கணக்கில் டிராலி கிடையாது.

கேபின் க்ரூவின் தம்பி | ஞாயிறு, காலை 9:50

சார், காலையிலேயே பயமுறுத்தாதீர்கள். @முதல் தடவை ஓடிவிடப் போகிறான்.

முதல் தடவை | ஞாயிறு, காலை 10:03

ஓடவில்லை அண்ணே. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ முதற்கொண்டு எல்லாவற்றையும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சிம்மக்கல் மருமகள் | திங்கள், இரவு 9:18

எல்லோருக்கும் நன்றி. நேற்று திரும்பி வந்தேன். @பின்வரிசை வாசி தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரும்போது கையில் வளைகாப்புப் பலகாரம் ஒரு தூக்குவாளி நிறைய, அதை முன் சீட்டுக்கு அடியில்தான் வைத்தேன். பலகாரத்துக்கு அந்தத் தோஷம் இல்லை என்று மாமியாரே சொல்லிவிட்டார்.

வளையல் விஷயமும் வெளியே வந்துவிட்டது. தி.நகர் வளையலில் பச்சை கொஞ்சம் வெளிறியிருந்தது, மாமியார் கண்ணுக்குத் தப்புமா? சொன்னேன். "உடைஞ்சா திருஷ்டி போச்சுன்னு வெச்சுக்கோ. ஆனா குத்தினான் பாரு, அவனை நான் பார்த்திருக்கணும்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன்.

முதல் தடவை | திங்கள், இரவு 9:40

அக்கா, என் அக்காவுக்கும் தை மாதம் வளைகாப்பு. சத்திரத்தில் எந்தக் கடை?

சிம்மக்கல் மருமகள் | திங்கள், இரவு 9:52

பேர் கவனிக்கவில்லை தம்பி. இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி டஜன் விலை கேளு, வளையலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கு. அட்டைப் பெட்டி கேட்டால் தருவார்கள். நான்தான் கேட்கவில்லை.